நேர்காணல் எதை அளக்கிறது, எதற்குத் தயாராவது?

வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி என்ற கேள்வி பழையது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அதற்குச் சொல்லப்பட்ட விரிவான பதில் ஒன்று உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அந்தப் பதிலில் நேர்காணல் கிடையாது. இன்று அதே ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் வேலை தேடிப் போகிறவர்களுக்குப் பத்து நிமிட இன்டர்வியூதான் வாசல்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஷூ போட்டுக்கொண்டு போ, கண்ணைப் பார்த்துப் பேசு, இங்கிலீஷில் பேசு, கம்பெனியைப் பற்றிப் படித்துவிட்டுப் போ என்கிறார்கள். நேர்காணல் எதையோ அளக்கிறது, அது என்னவென்றும் நமக்குத் தெரியும் என்ற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அது என்ன என்பதில்தான் காலங்காலமாகக் கருத்து வேறுபாடு. அளவுகோல் என்ன என்பது தீராமல் தயாரிப்பு பற்றிப் பேச முடியாது. எனவே முதலில் தேர்வு முறைகளைப் பற்றிய முக்கியமான நிலைப்பாடுகளையும், பிறகு அவை தயாரிப்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதையும் பார்க்கலாம்.

சுவரில் எழுதிய தகுதி

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள், சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர் ஊராக, இருந்த உத்திரமேரூரின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. கல்வெட்டாய்வாளர் வெங்கய்யா அவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். நீலகண்ட சாஸ்திரி 1932இல் விரிவாக ஆராய்ந்தார். வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். காரியத்தில் தேர்ச்சியும் நல்ல வழியில் வந்த பொருளும் வேண்டும். கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60, இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள் என்றால், முதல் முறையில் ஏதோ கோளாறு கண்டிருக்க வேண்டும்.

தகுதி பெற்றவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, ஊரின் 30 குடும்புகளுக்கும் (பிரிவுகளுக்கும்) தனித்தனிக் கட்டாகக் குடத்தில் இடப்படும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிப்பார். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே படிப்பார்கள். கையில் எதையும் ஒளிக்க முடியாதபடி விரல் விரிப்பதுவரை விதி எழுதியவர்கள், தேர்ந்தெடுப்பவரின் மனச்சாய்வை எவ்வளவு ஐயத்தோடு பார்த்தார்கள் என்பது புரிகிறது. இப்படி அமைந்த சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

மேடைப் பேச்சுகளில் இதை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்வது வழக்கமாகிவிட்டது. வரலாற்றாய்வாளர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. குடத்துக்குள் பெயர் போவதற்கே நிலமும் வீடும் வேதமும் வேண்டும். பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் பிராமணர் அல்லாதவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய ஒன்று அதில் உண்டு. தகுதி என்ன, தகுதியின்மை என்ன என்பது ஊரார் படிக்கும் இடத்தில் கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. இன்றைய வேலை விளம்பரம் எதிலும் அந்த அளவு தெளிவைக் காண்பது அரிது.

நடத்தையே உரைகல்

இரண்டாவது நிலைப்பாடு திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்ற 51, 52ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. பேச்சைக் கேட்டு ஆளை எடைபோடாதே, செயலைப் பார் என்பது அதன் சாரம். அறம், பொருள், இன்பம், உயிர் மீதான அச்சம் ஆகியவற்றால் ஒருவரைச் சோதிக்கும் முறையை அர்த்தசாஸ்திரமும் சொல்கிறது. பரிமேலழகர் தம் உரையில் அத்தகைய சோதனைகளை விவரிக்கிறார். அவை அரசனுக்கும் ஒற்றனுக்கும் உரியவை, காலம் பிடிப்பவை, இன்றைய பார்வையில் அறமீறலும்கூட. மாலைக்குள் நாற்பது பேரைப் பார்த்து முடிக்க வேண்டிய ஹெச்.ஆர். அதிகாரிக்கு உதவாதவை.

எந்த வகையில் சோதித்துத் தெளிந்தாலும் வேலையில் இறங்கியபின் வேறாகிவிடுபவர் பலர் என்றும் வள்ளுவர் எச்சரிக்கிறார். தேர்வு முறையின் முன்கணிப்புத் திறன் என்று பின்னாளில் பெயர் பெற்ற சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை.

மதிப்பெண்ணின் பக்கம் நின்றவர்கள்

மூன்றாவது நிலைப்பாடு, ஆளைப் பார்க்கவே வேண்டாம், விடைத்தாளைப் பாருங்கள் என்பது. பிரிட்டனில் 1854இல் வெளியான நார்த்கோட்-டிரெவெல்யன் அறிக்கை, சிபாரிசில் பதவி தருவதை ஒழிக்கப் போட்டித் தேர்வை முன்வைத்தது. இந்தியக் குடிமைப் பணிக்கு 1855இல் போட்டித் தேர்வு வந்தது. அதிலும் குதிரையேற்றச் சோதனை ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தில் தேறிய அரவிந்தர் அதில்தான் நின்றுபோனார். இந்தியாவின் முதல் மாகாணப் பணியாளர் தேர்வாணையம் 1929இல் சென்னையில் அமைந்தது.

சுதந்திர இந்தியாவில் இந்த வாதம் நீதிமன்றங்களில் தொடர்ந்தது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான பெரியகருப்பன் வழக்கில் (1970), மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததை உச்ச நீதிமன்றம் மிகையென்று கருதியது. அஜய் ஹாசியா வழக்கு (1981) ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றியது. அங்கே எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒருவரிடம் பேசியது இரண்டு மூன்று நிமிடம். சேர்க்கையில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்குத் தருவது தன்னிச்சையானது என்ற நீதிமன்றம், உரையாடலை டேப்பில் பதிவு செய்யலாம் என்றும் யோசனை சொன்னது. அதே ஆண்டின் லீலா தர் வழக்கு வேறு பக்கம் சாய்ந்தது. பள்ளி முடித்தவருக்குச் சரியாக இருப்பது, முதிர்ந்தவர்களை நீதித்துறைப் பணிக்கு எடுக்கும்போது பொருந்தாது, அங்கே 25 சதவீதமும் தவறல்ல என்றது. அசோக் குமார் யாதவ் வழக்கு (1985) அப்போது யு.பி.எஸ்.சி. பின்பற்றிய 12.2 சதவீதத்தை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டது. இன்று குடிமைப் பணித் தேர்வில் 2025 மதிப்பெண்ணில் 275, அதாவது சுமார் 13.6 சதவீதம், நேர்முகத்துக்கு.

இந்தப் போக்கின் உச்சம் 2016 ஜனவரி 1. அன்று முதல் மத்திய அரசின் கெசட்டட் அல்லாத 'பி' பிரிவு, 'சி' பிரிவுப் பணிகளுக்கு நேர்முகம் நீக்கப்பட்டது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத்துத் தேர்வோடு முடிகிறது. சிபாரிசுக்குப் பயப்படும் கிராமத்துக் குடும்பங்கள் குரூப் 4ஐ இவ்வளவு நம்புவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பலவீனம் வெளிப்படை. எழுத்துத் தேர்வும் கோச்சிங் சென்டருக்குக் காசு கட்ட முடிந்தவருக்கே சாதகம் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதைவிட முக்கியமாக, இந்தத் தீர்ப்புகள் தனியார் ஆலையின் மேசையைத் தொடுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வேலைகள் பெருகியது அந்த மேசைகளுக்குப் பின்னால்தான்.

உளவியலாளர்களின் நூறாண்டு

நேர்காணலை அளந்தே பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டது தொழில் உளவியல். அமெரிக்காவில் வால்டர் டில் ஸ்காட் 1915இல், ஒரே விண்ணப்பதாரர்களைப் பல மேலாளர்களிடம் அனுப்பி, அவர்கள் ஒருவரோடொருவர் சற்றும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். 1955இல் இஸ்ரேலிய ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்த டேனியல் கானெமன், மனம்போன போக்கில் பேசி ஆளை மதிப்பிடும் வழக்கத்தை நிறுத்தினார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் என்று முறையை மாற்றினார். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் இந்த வகைக்கு 'கட்டமைக்கப்பட்ட நேர்காணல்' என்று பெயர்.

நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை 0 முதல் 1 வரையான எண்ணால் சொல்வார்கள். ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51, கட்டமைக்காததற்கு 0.38 என்றார்கள். சாக்கெட் குழுவினர் 2022இல் முந்தைய கணக்கின் திருத்த முறை மிகையானது என்று காட்டி, 0.42, 0.19 என்று குறைத்தார்கள். எண்கள் இறங்கினாலும், அவர்கள் ஒப்பிட்ட முறைகளுள் கட்டமைத்த நேர்காணல் முதலிடத்தில் நின்றது. அரட்டை நேர்காணல் பின்னால் போனது.

டெக்சாஸின் ஹூஸ்டன் மருத்துவப் பள்ளி தற்செயலாக ஒரு பரிசோதனைக் கூடமானது. 1979இல் சேர்க்கை முடிந்தபின் 150 இடங்களை 200 ஆக்கும்படி சட்டமன்றம் உத்தரவிட்டது. நேர்காணலில் தள்ளப்பட்டவர்களிலிருந்து 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் படிப்பிலோ பயிற்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. டானா, டாஸ், பீட்டர்சன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. பதில் சொல்பவர் உண்மையைச் சொல்லாமல் குருட்டாம்போக்கில் பதிலளித்தபோதும், கேள்வி கேட்டவர்கள் அதைக் கவனிக்கவில்லை. 'ஆளைப் புரிந்துகொண்டோம்' என்ற நம்பிக்கையும் அவர்களுக்குக் குறையவில்லை.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்டவை. சுங்குவார்சத்திரத்து ஆலை வாசலுக்கு அவற்றை அப்படியே கொண்டுவருவது துணிச்சல்தான். இருந்தாலும், பார்த்தவுடன் ஆளைத் தெரியும் என்று சொல்பவர்களை நம்பாதே என்பது தமிழ்நாட்டுக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

'எக்ஸ்போஷர்' என்னும் பதில்

நேர்காணல் அளப்பது திறமையை அல்ல, வளர்ப்பை என்பது நான்காவது நிலைப்பாடு. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளையும் ஐ.டி. ஆள்தேர்வையும் பற்றி 2006இல் எழுதிய கட்டுரையில் 'எக்ஸ்போஷர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது உண்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பொருள் வேலையைத் தீர்மானிக்கிறது. ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007இல் ஹெச்.ஆர். அதிகாரிகளிடம் பேசியபோது, தகுதி ஒன்றே எங்கள் அளவுகோல் என்றவர்கள், அடுத்த மூச்சில் 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றார்கள். அதே ஆண்டு தோராட்டும் அட்டெவெலும் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைச் சாதி, மதம் காட்டும் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பியது. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு திருத்தம் தேவை. நம் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லை. இனிஷியல்தான். எனவே பெயர் சொல்லாததை வேறு கேள்விகள் சொல்ல வைக்கின்றன. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார். ஊருக்கும் காலனிக்கும் வேறு வேறு வழி இருக்கும் கிராமத்தவருக்கு 'எந்தப் பக்கம்' என்பது சாதாரணக் கேள்வியல்ல. கேட்பவர் நல்லெண்ணத்தோடு கேட்டிருக்கலாம். கேட்கப்படுபவருக்கு அது தெரிய வழியில்லை.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: கல்யாணம் ஆகிவிட்டதா? ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படாமல் ஒதுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள்சேர்ப்பில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே சொன்னது. இத்தகைய கேள்விக்கு ஒரு பெண் எப்படித் தயாராவது? சாமர்த்தியமான பதிலைச் சொல்லிக்கொடுப்பது, குறையைக் கேட்டவரிடமிருந்து பதில் சொல்பவர் தலைக்கு மாற்றுவதாகும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது நோயைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவது. அடுத்த திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

செல்ஃப் இன்ட்ரோவும் வெர்னியரும்

அந்தத் திங்கட்கிழமையைக் குறிவைத்தவை பயிற்சித் திட்டங்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' அவற்றில் பெரியது. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களும், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும், கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவுகளும் உண்டு. இவை சொல்லித்தருபவற்றில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை தோற்றமும் பேச்சும். அதன் அடையாளம் மனப்பாடமான செல்ஃப் இன்ட்ரோ. 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹவுஸ் வைஃப்' என்று வரிசையில் நிற்கும் பாதிப்பேர் ஒரே ராகத்தில் சொல்வார்கள். அந்த 'ஹவுஸ் வைஃப்' விடிகாலையில் நாற்று நடப் போய், நூறு நாள் வேலையும் பார்த்து, மகளிர் குழுக் கணக்கையும் எழுதுகிறவராக இருப்பார். இந்தப் பயிற்சி பலன் தராது என்று சொல்லிவிட முடியாது. பேரிக் குழுவினர் 2009இல் தொகுத்த ஆய்வுகளின்படி, தோற்றமும் தன்னை நன்றாகக் காட்டிக்கொள்ளும் உத்திகளும் நேர்காணல் மதிப்பெண்ணை உயர்த்துகின்றன. பிற்காலப் பணித்திறனோடு அவற்றின் தொடர்பு மிகக் குறைவு. நேர்காணல் கட்டமைக்கப்படாததாக இருந்தால் அவற்றின் செல்வாக்கு கூடுகிறது. அதாவது சரியாக நடத்தப்படாத நேர்காணலில்தான் மேல்பூச்சுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது வகை, கேள்விக்குப் பின்னால் எந்தத் திறன் சோதிக்கப்படுகிறது என்று கண்டுபிடித்து, தன் அனுபவத்திலிருந்து அதற்குச் சான்று எடுத்துக் கொடுப்பது. கிளைன்மனும் அவரைத் தொடர்ந்தவர்களும், எது மதிப்பிடப்படுகிறது என்று ஊகிக்க முடிந்தவர்கள் கட்டமைத்த நேர்காணலில் நன்றாகச் செய்வதைக் காட்டினார்கள். அந்த ஊகிக்கும் திறன் வேலையிலும் உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒருவரிடம், நீங்களாகத் தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று கேட்டால், கல்லூரி புராஜெக்டைத் தவிர வேறெதுவும் தன்னிடம் இல்லை என்று நினைக்கிறார். வீட்டுக் கிணற்று மோட்டார் அடிக்கடி நின்றது. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இறங்குவதைக் கவனித்தார். ஒரு வாரம் நேரத்தையும் வோல்ட்மீட்டர் முள்ளையும் நோட்டில் குறித்தார். மூன்று ஃபேஸும் ஒழுங்காக வரும் நேரத்துக்குப் பாய்ச்சலை மாற்றினார். அதன்பின் ரிலே இறங்கவில்லை. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று பயிற்சியாளர்கள் சொல்லும் நான்கு படிகளும் இதில் இருக்கின்றன. ஆலையின் பராமரிப்புப் பிரிவுக்கு வேண்டிய பழக்கமும் இதுதான். விவசாய வீட்டில் வளர்ந்தவருக்கு இப்படிப்பட்ட சான்று நிறைய உண்டு. அதைச் சொல்வது வெட்கம் என்று கற்பித்ததே முதல் வகைப் பயிற்சி என்று சந்தேகிக்க இடமுண்டு.

கையில் வேலையைக் கொடுத்துப் பார்ப்பதும் சில இடங்களில் உண்டு. ஒரு வெர்னியர் காலிப்பரையும் இரும்புத் தண்டையும் கொடுத்து, விட்டம் என்ன, இதன் லீஸ்ட் கவுண்ட் என்ன என்று கேட்பார்கள். 0.02 மில்லிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொன்னவர், தண்டை அளக்கும்போது கோடு பொருந்தும் இடத்தைத் தேடித் திணறுவார். ஐ.டி.ஐ. பட்டறையில் கை பழகியவர் வாயைத் திறக்காமலே தேறிவிடுவார். தயாரிப்புக்கு ஒதுக்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், கண்ணாடி முன் நிற்பதைவிடப் பட்டறையில் நிற்பது மேல் என்பது என் கணிப்பு.

யோசனைக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகளை. இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. நைட் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் எதுவரை வரும்? உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கே சுமார் 30 கிலோமீட்டர். பஸ் பாதி வழியில் நின்றால் மீதி வழி அவர் பாடு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? இவற்றைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. அதனால் இவற்றை நேர்காணல் மேசையில்தான் கேட்க வேண்டும் என்றில்லை. அதே ஆலைக்குப் போய்வரும் பக்கத்துத் தெருக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதும் தயாரிப்புதான்.

முடிவாகாதவை

மேலே சொன்ன நிலைப்பாடுகளில் எதுவும் மற்றதை முற்றாக வீழ்த்திவிடவில்லை. எனினும் சான்றுகள் ஒரு பக்கம் சாய்கின்றன என்று நிதானமாகச் சொல்லலாம். அளவுகோல் தெரிந்த நேர்காணலுக்கே பொருளுள்ள தயாரிப்பு சாத்தியம். தெரியாத நேர்காணலுக்குச் செய்யும் தயாரிப்பு, கேட்பவரின் ரசனையை ஊகிக்கும் முயற்சியாகவே முடிகிறது.

அளவுகோலை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் நேர்காணலின் கணிப்புத் திறன் குறையுமா என்பது இன்னும் தீரவில்லை. எல்லோரும் நன்றாகப் பதில் சொல்வார்கள், வேறுபாடு தெரியாது என்பது ஒரு வாதம். இல்லை, உண்மையான திறன் அப்போதுதான் தெளிவாகத் தெரியும் என்பது எதிர்வாதம். வெளிப்படைத்தன்மையைச் சோதித்த ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. பயிற்சியால் மதிப்பெண் உயரும்போது உயர்வது திறனா, வெறும் பழக்கமா என்பதிலும் இதே நிலை.

மொழி பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது. ஷாப் ஃப்ளோரில் பேசப்படுவது தமிழும், இப்போது கொஞ்சம் இந்தியும். அந்த வேலைக்கான நேர்காணலை ஏன் ஆங்கிலத்தில் நடத்த வேண்டும்? தமிழில் நடத்தினால் தேர்வு வரிசை மாறுமா? புதிதாக வந்திருக்கும் கேமரா நேர்காணல்களும் சிக்கலைக் கூட்டுகின்றன. ஆள் இல்லாத திரையைப் பார்த்துப் பேச, மென்பொருள் மதிப்பிடுகிறது. அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனம் முகபாவத்தை வைத்து மதிப்பிடுவதை 2021இல் கைவிட்டதாக அறிவித்தது. பேச்சை மதிப்பிடுவது தொடர்கிறது. கிராமத்து சிக்னலில் அறுந்து அறுந்து போகும் குரலை அந்த மென்பொருள் தயக்கமென்று எடுத்துக்கொள்ளுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இவற்றில் சிலவற்றுக்கு விடை தேட வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை. ஓர் ஆலை தன் நேர்காணல் மதிப்பெண் தாளையும், ஓராண்டு கழித்து அதே ஆட்களுக்கு லைன் சூப்பர்வைசர் தரும் மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முதல் தாள் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கும், இரண்டாவது உற்பத்திப் பிரிவில். 'நான் முதல்வன்' வழியாக வந்தவர்கள், வராதவர்கள் என்று அதையே பிரித்துப் பார்த்தால், பயிற்சியின் எந்தப் பகுதி வேலையில் உதவியது, எது வாசலைத் தாண்ட மட்டும் உதவியது என்பதும் தெரியவரும்.